பனியன் கம்பெனி முதலாளிமாருங்களுக்கு: குடியில இருந்து மீண்டு வர்றவங்களுக்கு ஒரு வேலை குடுங்க

திருப்பூர்ல கம்பெனி நடத்தற அண்ணன்மாருங்களுக்கும், பவர்டேபிள் (கூலிக்குத் தெச்சுக் குடுக்கற சின்ன யூனிட்) எடுத்து ஓட்டறவங்களுக்கும், ஆபீஸ்ல உக்காந்து ஆள் எடுக்கற தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கமுங்க.

இதைய கலெக்டருக்கோ மாநகராட்சி கமிஷனருக்கோ எழுதுன்னு தான் எல்லாரும் சொன்னாங்க. அவங்களுக்கு எழுத வேண்டியது தனியா இருக்குது. ஆனா குடிச்சுட்டு ரோட்டோரம் கெடக்கற ஒருத்தரு திரும்ப எந்திரிச்சு நிக்கணும்னா கடைசியா தேவைப்படற ஒண்ணு அரசாங்கத்துகிட்டயும் இல்ல ஆஸ்பத்திரிகிட்டயும் இல்ல, உங்ககிட்ட தான் இருக்குது. ஒரு வேலை. அதனால தான் நேரா உங்களுக்கே எழுதறேனுங்க.

நான் ஒரு கம்பெனியில செக்கிங் செக்சன் பாக்கறவ. பொழுதோட வேலை விட்டதும் வீடு இல்லாதவங்க தங்கற காப்பகம் ஒண்ணுல போயி அங்க இருக்கற பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கறேன். ரெண்டு பக்கமும் நிக்கறதுனால ரெண்டு பக்கமும் தெரியுது.

பழைய பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துலயும் ரயில்வே ஸ்டேஷன் முன்னாடியும் நொய்யல் பாலத்துக்குக் கீழயும் படுத்திருக்கறவங்கள பாத்தா எங்கிருந்தோ வந்த பிச்சைக்காரங்கன்னு நெனச்சுட்டு வண்டிய முறுக்கிட்டுப் போயிர்றோம். பக்கத்துல உக்காந்து சித்த நேரம் பழமை பேசிப் பாருங்க. நான் பேசுன வரைக்கும் முக்காவாசிப் பேரு நம்ம கம்பெனிகள்ல வேலை செஞ்சவங்க தான். தேனி பக்கம், ராமநாதபுரம் பக்கம், புதுக்கோட்டை பக்கமெல்லாம் இருந்து பதினாலு பதினஞ்சு வயசுல கைமடியா, அதாவது டைலருக்கு ஒதவி ஆளா வந்து, அப்புறமேல்ட்டு ஓவர்லாக் மிஷின் கத்துக்கிட்டு, சிங்கர் மிஷின்ல உக்காந்து, வாரம் பொறந்தா நல்ல காசு பாத்தவங்க. ஒருத்தரு டையிங்ல இருந்தவரு, 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவு வந்து 700க்கு மேல சாயப்பட்டறை ஒரே அடியா மூடுனாங்களே, அன்னைக்கு கையில இருந்த வேலை போனது தான், அதுக்கப்புறம் நெலையா ஒரு எடத்துல நிக்கவே முடியல அவருக்கு. கோர்ட்டு சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரல, நொய்யல் ஆத்துத் தண்ணி எப்படி ஓடுச்சுன்னு நாமளும் பாத்தவங்க தானே. மூடுன பட்டறைக்குள்ள இருந்த ஆளுக எங்க போனாங்கன்னு மட்டும் யாரும் கேக்கல.

எப்படி ரோட்டுக்கு வர்றாங்கங்கறத கொஞ்சம் வெவரமா சொல்றேன், ஏன்னா இது ஒரே நாள்ல நடக்கறது இல்லீங்க. வெடியால எட்டரைக்கு ஏறி ராத்திரி எட்டரை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட், கால் கடுக்குது, முதுகு கழண்டு போகுது, ஒரு குவாட்டர் போட்டா தூக்கம் வருதுன்னு ஆரம்பிக்கறாங்க. சனிக்கிழமை சம்பளம், அன்னைக்கு கொஞ்சம் எச்சு. அப்புறம் ஞாயித்துக்கிழமை பகல்லயும். அப்புறம் திங்கக்கிழமை லீவு. திங்கக்கிழமை லீவு போடற ஆளு வேண்டாம்னு காண்ட்ராக்டர் சொல்லிர்றாரு, வேற பவர்டேபிளுக்குப் போனா அங்கயும் அதே கதை. ரூம் வாடகை நிக்குது, கூட இருந்தவங்க பொட்டிய எடுத்து வெளிய வெச்சர்றாங்க, செல்லு அடமானத்துக்குப் போயிருது, செல்லு போனா நம்பர் போச்சு, நம்பர் இல்லீன்னா ஓடிபி வராது, ஓடிபி வராம சொந்தமா ஒழைச்சு சேத்த பிஎப் காசக் கூட எடுக்க வழியில்லாம மனுசன் பஸ் ஸ்டாண்டுல நிக்கறாரு. ஊருக்குப் போலாம்னா வெறுங்கையோட எப்படிப் போறது, தங்கச்சி கல்யாணத்துக்கே போகாத ஆளு எந்த மூஞ்சிய வெச்சுட்டு இப்பப் போயி நிக்கறது. அப்படியே தங்கீர்றாங்க.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல 50 சதவீதம் வரி போட்டப்ப ஆர்டர் நின்னு நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியுமுங்க, எங்க கம்பெனியிலயும் தான் கட்டிங் டேபிள் காலியா கெடந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல முதல்ல நிறுத்தறது யாரை? திங்கக்கிழமை லீவு போடறவங்கள. கணக்குப்படி அது சரி தான். ஆனா அந்த ஆளு அதுக்கப்புறம் எங்க போறாருன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

இப்ப நடக்கற மறுவாழ்வு எப்படின்னு பாருங்க. ஒரு வேன் வருது, ஆளப் புடிச்சு ஏத்துறாங்க, முடி வெட்டி குளிப்பாட்டி புது லுங்கி கட்டி முன்னாடி பின்னாடின்னு ரெண்டு போட்டோ எடுத்து நெட்டுல போடறாங்க. போடறவங்க நல்ல மனசோட தான் போடறாங்க, நான் கொற சொல்லல. ஆனா அந்த ஆளோட சம்மதம் கேட்டாங்களா? 2022ல கோயமுத்தூர் பக்கம் ரோட்டோரம் இருந்தவங்கள பலவந்தமா கூட்டிட்டுப் போயி மொட்டையடிச்சு அடைச்சு வெச்சாங்கன்னு பெரிய பிரச்சனை ஆச்சு, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுல மாட்டுனதுல பல பேரு வேலைக்குப் போற ஆளுக, பஸ்ஸுக்கு நின்னவங்கன்னெல்லாம் அப்ப சொன்னாங்க. அதுக்கப்புறம் வேன பாத்தாலே ஓடி ஒளியறாங்க. ஒரு ஆள இழுத்துட்டுப் போயி திருத்த முடியாதுங்க, எத்தனை நல்ல மனசு இருந்தாலும் முடியாது.

அடுத்தது வைத்தியம். இது உங்க கம்பெனி சூப்பர்வைசருங்க கண்டிப்பா தெரிஞ்சு வெச்சுக்கணும், இதுனால உசுரு போகுது. தெனமும் குடிக்கற ஆள ஒரு ரூம்ல போட்டு பூட்டி நாலு நாள் குடிக்காம இருந்தா சரியாப் போயிரும்னு நெனைக்கறாங்க பாருங்க, அது ரொம்ப ஆபத்து. கடைசியா குடிச்சதுல இருந்து ஒரு 6 மணி நேரத்துலயே கை நடுங்க ஆரம்பிச்சு வேர்த்து வாந்தி வரும், ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது மூணாவது நாள் புத்தி தடுமாறி சுவத்துல பூச்சி ஊருது, யாரோ கூப்பிடறாங்கன்னெல்லாம் பேசுவாங்க. அந்த நெலைக்குப் போனா ஆளு செத்துக்கூடப் போலாம். டாக்டர் மாத்திரை குடுத்து படிப்படியா எறக்கணும், வைட்டமின் பி1 ஊசி போடணும், அது போடாம விட்டா ஞாபக சக்தியே நிரந்தரமா கெட்டுப் போற ஆபத்து இருக்குது. அதனால வெடியால மிஷின்ல உக்காந்த ஆளுக்கு கை நடுங்குதுன்னா கேட்டுக்கு வெளிய அனுப்பாதீங்க, ஆட்டோ புடிச்சு ஜிஹெச்சுக்கு அனுப்புங்க. நமக்கு இப்ப திருப்பூர்லயே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்குது. 2025ல அரசு கலங்கரைன்னு பேர் வெச்சு மாநிலம் முழுக்க 25 போதை மீட்பு மையம் தொறந்துச்சு. 14446க்கு போன் பண்ணுனா காசில்லாம வழி சொல்லுவாங்க, மனசு சரியில்லீன்னா 14416. இந்த ரெண்டு நம்பரையும் டைம் ஆபீஸ் சுவத்துலயும் பாத்ரூம் கதவுலயும் ஒட்டி வெச்சா ஒரு ரூபா செலவில்ல.

2017ல வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல குடி, போதைனால வர்ற மனநலப் பிரச்சனையும் சேத்தித் தான் இருக்குது, அதாவது இது திமிரு இல்ல, ஒழுக்கக் கேடு இல்ல, வைத்தியம் கேக்கற உரிமை இருக்கற ஒரு நோவு. அதே சட்டத்துப்படி தனியார் மையமா இருந்தா பதிவு வாங்கணும். பதிவே இல்லாம ஊருக்கு வெளிய ஒரு ஊட்டப் புடிச்சு, கம்பிக்கதவு போட்டு, அடிச்சு ஒதைச்சு குடிய நிறுத்தறோம்னு ஆயிரக்கணக்குல காசு வாங்கறவங்க இருக்கறாங்க. ஆளுக்காக பரிதாபப்பட்டு முதலாளியே காசு கட்டி அந்த மாதிரி எடத்துல சேத்தி விட்டத நான் கேள்விப்பட்டிருக்கறேன். தயவுசெஞ்சு பதிவு சர்டிபிகேட் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு சேத்துங்க.

2019ல மத்திய அரசும் டெல்லி எய்ம்ஸும் சேந்து ஒரு சர்வே வெளியிட்டாங்க. குடிக்கு அடிமையான 38 பேருல ஒருத்தருக்குத் தான் ஏதோ ஒரு ஒதவி கெடைக்குது, 180 பேருல ஒருத்தரு தான் ஆஸ்பத்திரியில படுத்து வைத்தியம் பாக்கறாருன்னு அதுல இருக்குது. இது வீடு வாசல் இருக்கறவங்களையும் சேத்த கணக்கு. பிளாட்பாரத்துல இருக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க.

சரி, ஆஸ்பத்திரியில பத்து பதினஞ்சு நாள் இருந்து ஒடம்புல இருந்து சாராயம் எறங்கீருச்சு. அப்புறம்? இங்க தான் எல்லாமே நின்னு போகுது. நடுக்கம் நின்னுருச்சே தவிர சனிக்கிழமை பொழுதோட வர்ற ஏக்கம் நிக்கல. அதுக்கு மாத்திரை மட்டும் பத்தாது, பேசறதுக்கு ஒரு ஆளு வேணும். கவுன்சிலிங்குன்னா குடிக்காதப்பான்னு புத்தி சொல்றதுன்னு நெனச்சுட்டு இருக்கறோம், புத்தி சொல்றதுக்கு அவங்க ஊர்ல ஒறம்பரையெல்லாம் இருந்தாங்களே, சொல்லாத புத்தியா. எங்க காப்பகத்துக்கு வர்ற கவுன்சிலர் பொண்ணு புத்தியே சொல்லாது. எந்த நேரத்துல குடிக்கணும்னு தோணுது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, யாரு கூட இருந்தீங்க, கையில எவ்வளவு காசு இருந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அப்புறம் அவங்களையே யோசிக்க வெக்கும். கடையில்லாத வழியா சுத்திப் போலாமா, சம்பளத்த கையில வாங்காம பேங்க்ல போடச் சொல்லலாமா, ஏக்கம் வந்தா அரை மணி நேரம் தள்ளிப் போட என்ன பண்ணலாம், யாருக்குப் போன் பண்ணலாம். ஊர்ல இருக்கற சம்சாரத்துகிட்ட எப்பப் பேசறது, என்ன பேசறது, அவங்க திட்டுனா என்ன பண்றதுன்னு வரைக்கும் பேசி வெச்சுக்குவாங்க. சென்னையில 1980ல சாந்தி ரங்கநாதன் அம்மா குடிப்பழக்கத்துக்கு வைத்தியம் பாக்கற டிடிகே ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சப்ப இருந்து இந்த வேலைய முறையா செஞ்சு காட்டியிருக்கறாங்க, குடிக்கறவங்கள மட்டுமில்லாம குடும்பத்தையும் கூட்டி வெச்சுப் பேசறது, கிராமத்துக்கே போயி கேம்ப் போடறதுன்னு. வழி நம்ம தமிழ்நாட்டுலயே இருக்குது, புதுசா கண்டுபுடிக்க வேண்டியதில்ல.

ஒரு தடவை விட்டவங்க திரும்ப குடிச்சர்றாங்கங்கறது உண்மை தான், மறைக்க மாட்டேன். நெறைய பேரு குடிக்கறாங்க. சுகர் இருக்கறவங்க நோம்பிக்கு இனிப்புத் தின்னு சுகர் ஏறிட்டா டாக்டர் மாத்திரைய மாத்திக் குடுப்பாரே தவிர இனி வராதேன்னு தொரத்த மாட்டாரு, இதுவும் அப்படித்தானுங்க. திரும்ப குடிச்ச மக்காநாளே வந்து சொல்றாரா, மறுபடி மருந்து எடுக்கறாரா, அதைத்தான் பாக்கணும்.

இப்ப படிப்புக்கு வர்றேன், இது என்ற சோலி அதனால கொஞ்சம் அதிகமாவே பேசுவேன். குடிய விட்ட ஆளுக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும். அத்தனை வருசமா அந்த நேரத்துக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு, இப்ப அந்த எடம் காலியா இருக்குது. அந்த நேரத்துல தான் எங்க வகுப்பு. 15 வயசுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாத எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறதுக்கு 2022ல இருந்து 2027 வரைக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு ஒண்ணு ஓடுது, 200 மணி நேரப் பாடம், சொல்லிக் குடுக்கறவங்க எல்லாம் என்னைய மாதிரி தன்னார்வலருங்க தான். அந்தப் புத்தகத்தோட நாங்க கம்பெனிச் சாமானையும் சேத்திக்கறோம். சம்பளச் சீட்டு, சைஸ் லேபிள், மெஷர்மெண்ட் சார்ட், ஈஎஸ்ஐ கார்டு, பஸ் போர்டு. இருபது வருசமா எக்ஸ்எல் லேபிள அடையாளத்துல வெச்சுத் தெச்சவரு மொத மொதல்ல அதைய எழுத்தாப் படிச்சப்ப பக்கத்துல இருந்தவர கூப்பிட்டுக் காட்டுனாரு. சம்பளச் சீட்டுல பிஎப் புடிச்சது எவ்வளவுன்னு படிச்சுட்டு, இது நம்ம காசா அக்கா, இன்னும் இருக்குமான்னு கேட்டவரு இருக்கறாரு. விசாரிச்சோம், இருந்துச்சு.

ஆரம்பத்துல நேத்து சொன்ன எழுத்து இன்னைக்கு மறந்து போயிருக்கும். படிப்பு ஏறலைன்னு அவங்களே வெறுத்துப் போவாங்க. நெறைய நாளு குடிச்ச மூளை அது, குடிய விட்டதும் உடனே தெளியாது, வாரக்கணக்குல மாசக்கணக்குல மெதுவாத் தான் தெளியும்னு டாக்டர் சொன்னாரு. அதைய அவங்களுக்குச் சொல்லிப்போட்டு தெனமும் அதே பக்கத்தத் திரும்ப நடத்துவோம். ஒரு நாள் ஞாபகம் நிக்கும் பாருங்க, அன்னைக்கு அவங்க மூஞ்சியில வர்ற தைரியத்த நான் எந்தக் கவுன்சிலிங்கலயும் பாத்ததில்ல. குடிச்ச காலம் பூரா நீ எதுக்கும் ஆகமாட்டேன்னு கேட்டுக் கேட்டு அதையே நம்பிட்டவங்க அவங்க. பன்னெண்டரை வயசு தாண்டுனா யாரு வேணாலும் எட்டாவது தனித்தேர்வு எழுதலாம், அது பாஸ் பண்ணுனா டிரைவர் வேலைக்கோ வாட்ச்மேன் வேலைக்கோ சும்மா கேட்டுப் பாக்கற தைரியமாவது வருது.

ஆதார் இல்லீன்னு தான் நீங்க பல பேர சேத்தறது இல்ல. அங்கீகாரம் வாங்குன காப்பகத்து வார்டன் குடுக்கற சர்டிபிகேட்ட வெச்சே ஆதார் எடுக்கலாமுங்க, முகவரிக்கும் அதுவே போதும். ஆதார் வந்தா பேங்க் கணக்கு, கணக்கு வந்தா யூஏஎன்ங்கற பிஎப் நம்பர், எல்லாமே பின்னாடி வந்துருது. ரோட்டுல படுக்கறவங்களுக்கு வாக்காளர் அட்டைக்கே வழி இருக்குது, பூத் ஆபீசர் ராத்திரி வந்து அந்த எடத்துல தான் படுக்கறாரான்னு பாத்து சேத்திக்கலாம். ஒரு லட்சம் ஜனத்துக்கு ஒரு காப்பகம், வருசம் முழுக்க தொறந்திருக்கணும்னு 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்குது. திருப்பூர் மாநகராட்சியில 2011 கணக்குலயே 8 லட்சத்துக்கு மேல ஜனம். அதைய மாநகராட்சிகிட்ட தனியா கேக்கறோம்.

உங்ககிட்ட கேக்கறது என்னன்னு தெளிவாவே சொல்லிர்றேன். காப்பகத்துல இருந்து மருந்து, கவுன்சிலிங், வகுப்பு மூணும் முடிச்சு வர்ற ஆளுக்கு ஆறு மாசம் ஒரே ஷிப்ட் வேலை குடுங்க. ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், நைட் வேண்டாம், ஏன்னா சாயங்காலம் வகுப்பும் கவுன்சிலிங்கும் நின்னு போச்சுன்னா எல்லாமே போச்சு. மொத கொஞ்ச வாரத்துக்கு கட்டிங் மிஷின்லயோ பாய்லர் பக்கத்துலயோ விடாதீங்க, மருந்து சாப்பிடற ஆளு, அசதி இருக்கும். பிசிறு வெட்டறது, செக்கிங், பேக்கிங்னு ஆரம்பிக்கட்டும். சம்பளம் பேங்க்ல போடுங்க, அட்வான்ஸ் கேட்டாலும் குடுக்காதீங்க, அட்வான்ஸ் குடுக்காதது தான் அவங்களுக்குச் செய்யற பெரிய நல்லது. நாள்கூலியா வெக்காம ஈஎஸ்ஐ, பிஎப் புடிச்சு வேலைக்கு வெங்க. ஒரு நாள் வரலீன்னா பேர அடிச்சர்றதுக்கு முன்னாடி காப்பகத்துக்கு ஒரு போன் போடுங்க. அப்புறம் முக்கியமா, இவன் குடிகாரனா இருந்தவன்னு புளோர்ல யாருக்கும் சொல்ல வேண்டாம். சூப்பர்வைசர் ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்.

கவுன்சிலருக்குச் சம்பளம் குடுக்கறதுக்குத் தான் காப்பகங்கள் தடுமாறுது. 2013 கம்பெனிச் சட்டத்துல லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவு பண்ணச் சொல்றது பெரிய கம்பெனிகளுக்குத் தான், நம்ம ஊர்ல பாதி பார்ட்னர்ஷிப்பும் தனி ஓனருமா இருக்கறதுனால உங்க பல பேர அது கட்டுப்படுத்தாதுன்னு தெரியும். ஆனா வருசத்துக்கு கிட்டத்தட்ட 40,000 கோடிக்கு ஏற்றுமதி பண்ற ஊருங்க இது. ஒரு வீதியில இருக்கற பத்து கம்பெனி சேந்தா ஒரு கவுன்சிலரோட மாசச் சம்பளம் யாருக்கும் பாரமா தெரியாது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நீங்க ஒண்ணு சேந்து வசூல் பண்றத பாத்திருக்கறேன், உங்களால முடியும்.

திருடுவாங்களோ, மத்த லேபரும் கெட்டுப் போவாங்களோன்னு ஒரு முதலாளி என்கிட்ட நேரா கேட்டாரு. அந்தப் பயம் நாயமானது தான். ஆனா இப்பவே உங்க புளோர்ல குடிக்கறவங்க இருக்கறாங்க, யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அவங்களுக்கு வைத்தியமும் இல்ல பேச ஆளும் இல்ல. நாங்க அனுப்பற ஆளுக்குப் பின்னாடி டாக்டர், கவுன்சிலர், வார்டன், வாத்தியாருன்னு நாலு பேரு நிக்கறாங்க, கூப்பிட்டா வருவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒத்து வரலீன்னா கூப்பிட்டு சொல்லுங்க, நாங்க வந்து கூட்டிக்கறோம், சண்டை போட மாட்டோம்.

இப்ப எங்க வகுப்புல ஒருத்தரு இருக்கறாரு, பேர் வேண்டாம். ஓவர்லாக், பேட்லாக் மிஷின் ரெண்டும் ஓட்டுவாரு, கைமடியில இருந்து வந்தவரு. ஆதார் வந்துருச்சு, பேங்க் கணக்கு தொறந்தாச்சு, எட்டாவது தனித்தேர்வுக்கு பாரம் போட்டிருக்கறாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு விடற மாதிரி, பேங்க்ல சம்பளம் போடற மாதிரி ஒரு கம்பெனி வேணுமுங்க. அவினாசி ரோடோ பல்லடம் ரோடோ எங்க இருந்தாலும் சரி, மொத மாசத்துக்கு பஸ் செலவ நாங்க பாத்துக்கறோம். உங்க பக்கத்துல இருக்கற எந்தக் காப்பகத்துல கேட்டாலும் இவர மாதிரி ஒருத்தர காட்டுவாங்க. சரின்னு ஒரு வார்த்தை வார்டன்கிட்ட சொல்லி விடுங்க, வர்ற திங்கக்கிழமை வெடியால எட்டரைக்கே உங்க கேட்டுல ஆளு நிப்பாரு.